பெரிய காடி அக்கா

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் குனிந்து மைல் மீட்டரைத்தான் பார்ப்பார்கள். அந்த அக்கா ஒருநாளும் பார்த்ததில்லை. பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்.

"இத முன்ன வச்சிருந்தவென் யாரு தம்பி? கோவக்காரனா?"

ஈப்போவில் ஒரு பழைய கார் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவன், எண்பதுகள் முடியும்வரை அங்கேயேதான் கிடந்தேன். பெரிய கார்களுக்குப் பேர் போன கடை அது. தோட்டத்துத் துரைமார்களும் ஈயம் தோண்டுகிற லம்ப முதலாளிகளும் டாக்டர்களும் ஓட்டிச் சலித்த சொகுசுக் கார்கள் எங்களிடம் வந்து சேரும். கழுவி, மெழுகு தேய்த்து, வாசலில் வரிசையாக நிறுத்துவோம். எந்த மாடல் எத்தனை வருசம் தாங்கும், எதில் எது முதலில் போகும் என்று நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அந்த அக்காவுக்கு என் ஒப்பிப்பில் அக்கறை இல்லை. ஓட்டியவனின் குணம்தான் வேண்டும். டாக்டர் வைத்திருந்தது என்றால் பாதி சம்மதம். வக்கீல் கார் வேண்டாம், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எந்நேரமும் மிதித்திருப்பான் என்பார். கான்ட்ராக்டர் கார் என்றால் பக்கத்திலேயே வர மாட்டார்.

இரும்புக்கு மனுசன் கோபம் எப்படியக்கா தெரியும் என்று ஒருமுறை கேட்டேன்.

"இரும்புக்குத் தெரியாது. கிளச்சுக்குத் தெரியும்" என்றார்.

அவர் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் குடியிருந்த கல்யாணச் சமையல்காரர். காரைக் காடி என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். பெரிய காடி அக்கா வீடு எது என்று கேட்டால் பசாரில் மீன் விற்கிறவன்கூட வழி சொல்வான். குள்ளமான உருவம். ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரிய வேண்டும் என்பதற்காக அரிசிச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். முழங்கைவரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். அந்த நீளமான காரிலிருந்து முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் இறங்கும்போது, தெரியாதவர்கள் பின்சீட்டில் எந்தப் பெரிய மனிதர் இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் சாம்பார் சட்டி இருக்கும். சட்டிகளுக்கு இடம் வேண்டும் என்று பின்சீட்டையே கழற்றி வீட்டுக்குள் சுவரோரம் போட்டிருந்தார். யாராவது வீட்டுக்குப் போனால் அதில்தான் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். சிலிபினில் வேறு எந்த வீட்டிலும் அத்தனை நல்ல நாற்காலி கிடையாது.

வேன் வாங்குங்கள், சாமான் ஏற்ற லேசாக இருக்கும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். நல்ல வேன் ஒன்றைத் துடைத்து வாசலில் நிறுத்தியும் காட்டினேன். அவர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

அவருடைய முதல் பெரிய கார் எங்கள் கடையில் வாங்கியதில்லை. ஊர் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன இங்கிலீஷ் கார். ஆறு சிலிண்டர், முன்னால் பாலிஷ் போட்ட மரப்பலகை, சிவப்புத் தோல் சீட்டு. நிற்கும்போது ராஜா மாதிரி இருக்கும். ஓடினால்தான் வம்பு. மழை பெய்தால் லைட் அணையும், வெயில் அடித்தால் ரேடியேட்டர் கொதிக்கும், இரண்டும் இல்லாத நாளில் எண்ணெய் ஒழுகும். ஒரு கல்யாணத்தன்று கோலகங்சார் போகிற வழியில் புகையைக் கிளப்பிக்கொண்டு நின்றுவிட்டது. அக்கா இறங்கி ரோட்டு நடுவில் நின்று, ரப்பர் மரத்துக் கித்தாப்பால் ஏற்றி வந்த லோரியை மறித்து, சட்டிகளை அதில் மாற்றி, தானும் மேலே ஏறிப் போய்ப் பந்தியை நேரத்துக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் கடைக்கு வந்து நின்றார். நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

"ராஜா வேணாம் தம்பி, ஓடுறதா குடு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பெருசா இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஜெர்மன் கார் ஒன்றைக் காட்டினேன். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன்வால்போலத் தூக்கி நிற்கும் பழைய மாடல். மீன்வால் என்றே கடையில் கூப்பிடுவோம். அப்போதே வயதான வண்டி. அடியில் படுத்து மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிக்க வேண்டும், தவறினால் முன்சக்கரம் முனகும். ஒழுங்காக அடித்தால் ஆயுசுக்கும் ஓடும். இதைச் சொன்னபோது அக்கா முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், அதற்கும் வெள்ளிக்கிழமை குளியல் என்று சொல்லி வாங்கிப் போனார். சொன்னபடி செய்தார். அந்தக் கார் அவரை ஒருநாளும் வழியில் விட்டதில்லை.

மீன்வால் இருந்த காலத்தில்தான் தம்புன் ரோட்டுப் பங்களாவில் ஒரு நிச்சயதார்த்தம். அக்கா காரை நேராக முன்வாசல் போர்ட்டிகோவில் கொண்டுபோய் நிறுத்தினார். வீட்டுக்காரர் ஓடிவந்து, இங்கே மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வரும், நீங்கள் பின்னால் சந்துப் பக்கம் போய்விடுங்கள் என்றிருக்கிறார். அக்கா மறுக்கவில்லை.

"சரிங்க, எடுத்துடறேன். சட்டி இன்னும் எறக்கல. அதுவும் கூடவே வந்திரும்."

வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். மீன்வால் கடைசிவரை போர்ட்டிகோவில்தான் நின்றது. மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் ரோட்டோரம் நின்றன. அந்தக் குடும்பம் இதை நான்கு இடத்தில் சொல்லிவைத்தது. அதற்குப் பிறகு பெரிய வீடுகளிலிருந்து அக்காவை வெகுநாள் யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்துக் கல்யாணங்களும் கோயில் அன்னதானமும்தான் அடுப்பை எரியவைத்தன. கூடச் சமைக்கிற பெண்கள் இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். ஒரு போர்ட்டிகோவுக்காக இவ்வளவு தேவையா என்று கேட்டேன். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், பின்வாசலில் நின்று தின்ன மாட்டேன் என்றார். அதை ஏன் அத்தனை அழுத்தமாகச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மீன்வாலுக்கு அடுத்தது இரட்டைக்கண். அதே கம்பெனி, அடுத்த தலைமுறை. முன்னால் விளக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். கிரீஸ் அடிக்கிற தொல்லை இல்லை, எஞ்சின் இன்னும் கெட்டி. வெயிலில் நிறுத்தி எத்தனை நேரம் ஓடவிட்டாலும் சூடு ஏறாது என்று நான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். நான் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த மாடலில் எஞ்சின் சாகாது, தகரம் செத்துவிடும். ஈரம் தேங்கினால் அடிப்பலகை துருப்பிடித்து உதிரும். அக்காவிடம் மட்டும் அதையும் சொன்னேன். பின்னால் சாமான் வைக்கிற பூட்டில் தகரத் தட்டு ஒன்று போட்டு அதன்மேல் சட்டியை வையுங்கள், புளித்தண்ணீர் வழிந்தால் இரும்பைத் தின்றுவிடும் என்றேன்.

"எஞ் சட்டி வழியாது" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

சட்டி வழிந்தது. எல்லாச் சட்டியும் வழியும். அந்த விசயத்தில் அவர் சொன்னது தப்பு, நான் சொன்னது சரி. இதை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், அவர் பிறந்த தோட்டம் விலைபோனது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் இருந்த கித்தாத் தோட்டம். அக்காவின் அம்மா அங்கே பால் வெட்டியவர். அக்கா அங்கேதான் கல்யாணம் கட்டி, தோட்டத்து லோரி ஓட்டிய புருசனிடம் அந்த லோரியிலேயே ஸ்டியரிங் பிடிக்கப் பழகியவர். புருசன் நோயில் இறந்த பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டார். தோட்டத்தை வாங்கியவர்கள் அங்கே வீடு கட்டி விற்கப் போவதாகச் சொல்லி, தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் மாற்று வீடு தராமல் நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். உடனே மெயின் ரோட்டு முகப்பில் குறுக்குக் கம்பம் ஒன்று போடப்பட்டது. காவலுக்கு ஒரு ஜாகாவை உட்காரவைத்தார்கள். லயத்துச் சாமான் வெளியே போகலாம், வெளி வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது.

அந்த நேரத்தில் லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டவுனில் மண்டபம் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லியும் பெண்ணின் அப்பா கேட்கவில்லை. கோயிலை இடிக்கிறதுக்கு முன்னால் எங்கள் கோயிலிலேயே தாலி ஏற வேண்டும் என்று நின்றார். சுங்கை சிப்புட் சமையல்காரர்கள் வம்பு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அக்கா ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரட்டைக்கண் கடைக்கு வந்தது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. சாமான் பினாங்கிலிருந்து வர வேண்டும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஆனால் நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும், நாளைக்கு வேறு வண்டி எடுத்துப் போங்கள் என்றேன்.

"அப்ப நிறுத்தாம இருக்கேன்" என்றார். பிறகு, "நீயும் வாலா தம்பி. நின்னா தள்ள ஆளு வேணும்" என்றார்.

கூடச் சமைக்கிற பெண்கள் விடியற்காலை பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். அக்கா வீட்டுத் தெருவில் அக்கம்பக்கத்தார் காரைத் தள்ளிவிட, நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம். பின்னால் சாம்பார், கூட்டு, குருமா, பாயசம். கார் முழுக்கப் பெருங்காய வாசனை.

தோட்டத்து முகப்புக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஜாகா, நடுவயதைத் தாண்டிய தமிழர், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீண்ட முகமும் இரட்டை விளக்குமாக எங்கள் கார் திரும்பியதைப் பார்த்ததும் துள்ளி எழுந்து சலாம் வைத்துக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். புது முதலாளிகளில் ஒருவர் என்று நினைத்திருப்பார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அக்கா சரியாகக் கம்பத்துக்கு அடியில் போய் பிரேக்கை மிதித்தார். கண்ணாடியை இறக்கினார்.

"யாருன்னு நெனச்சு சலாம் வச்சீங்கண்ணே?"

ஜாகா குனிந்து பார்த்தார். சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த சிறிய பெண்மணி தெரிந்தார். பெருங்காயம் அடித்தது.

"நீங்க யாரு?"

"சமையக்காரி. உள்ள கல்யாணம். லயத்துக்குப் போறேன்."

அவர் கம்பத்தை இறக்கப் பார்த்தார். முடியவில்லை, கீழே கார் நின்றது. வெளிக் காடியை விடக்கூடாது என்று உத்தரவு, என் வேலை போய்விடும், பின்னால் எடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார். நான் அக்காவின் காதில், கம்பம் மேலேதானே இருக்கிறது, மிதிங்கள், போய்விடலாம் என்றேன்.

"எனக்குன்னு தெரிஞ்சு தொறக்கட்டும்" என்றார். "நான் பொறந்த எடம் இது. திருட்டுத்தனமா நொழஞ்சா அது அவென் எடம்னு ஆயிரும்."

ஜாகா ஆபீசை நோக்கி ஓடினார். நாங்கள் கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த முடியாது. நின்றுவிட்டால் நான்கு பேர் சேர்ந்து காரைப் பின்னால் உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என் கண் சூடு காட்டுகிற முள்ளைவிட்டு அகலவில்லை. வெயிலில் நிறுத்தி எத்தனை நேரம் ஓடவிட்டாலும் சூடு ஏறாது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒருநாளாவது நான் உட்கார்ந்து பார்த்ததுண்டா. முள் பாதிக்குக் கீழே அசையாமல் நின்றது. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

அக்கா அப்போதுதான் அதைச் சொன்னார். கார் எதுவும் வாங்குவதற்கு முந்திய காலம். வாடகைப் பிக்கப்பில் சட்டிகளை ஏற்றிக்கொண்டு டவுனில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார். பின்சந்தில் நிறுத்தச் சொன்னார்கள். சட்டியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். விருந்தாளிகள் சாப்பிட்டு முடியும்வரை வெளியே இருங்கள், அப்புறம் மிச்சம் தருகிறோம் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாராம். நாய்களும் மழைக்கு அங்கேதான் ஒதுங்கியிருந்தன.

"மகென் பசிக்குதும்மான்னு அழுவுறான். உள்ள பந்தில ஓடுறது நான் வச்ச சோறு" என்றார்.

உள்ளேயிருந்து ஜீப் ஒன்று வந்து எங்களுக்கு எதிரே நின்றது. புது மேனேஜர் இறங்கினார். அவரும் தமிழர்தான், நாற்பது வயதிருக்கும். கத்துகிற ஆள் இல்லை. கையில் கோப்போடு ஈப்போவுக்கு அவசரமாகக் கிளம்பியவர். வழி ஒன்றுதான், அதில் நாங்கள் நின்றோம்.

"அம்மா, காடிய எடுங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

"எடுக்கிறேன் ஐயா. முன்னுக்கு எடுக்கவா, பின்னுக்கு எடுக்கவா?"

பின்னுக்கு என்றார். பின்னுக்குப் போனால் சாப்பாடும் பின்னுக்குப் போய்விடும், உள்ளே இலை போட்டுக் காத்திருக்கிறார்கள் என்றார் அக்கா. மேனேஜர் பொறுமையாகவே விளக்கினார். இன்றைக்கு ஒரு காரை விட்டால் நாளைக்குப் பத்து லோரி வரும், மேலே இருப்பவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஆட்களை வரச்சொல்லிச் சட்டியைத் தூக்கிப் போகச் சொல்லுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை என்றார். நியாயமாகத்தான் பட்டது எனக்கு. அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பொணத்ததான் தூக்கிட்டுப் போவாங்க. கல்யாணச் சாப்பாடு வாசல் வரைக்கும் வண்டில வரும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். பிறகு நான் எதைக் கேட்கக் கூடாதென்று இருந்தேனோ அதைச் சொன்னார். "எஞ்சின நிப்பாட்டுங்கம்மா, பேசுவோம்."

"வேணாம். ஓடட்டும்."

முள் மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது. பாதியைத் தொட்டு, தாண்டியது. நான் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் மிதித்துப் பிடியுங்கள், விசிறி வேகமாகச் சுற்றினால் சூடு இறங்கும் என்றேன். அக்கா கொஞ்சமாக மிதிக்கிற ரகம் இல்லை. எஞ்சின் உறுமிய உறுமலில் ஜாகா ஒரு பக்கமும் மேனேஜர் ஒரு பக்கமுமாகத் துள்ளி ஒதுங்கினார்கள்.

"என்னம்மா, மெரட்டுறீங்களா?"

அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு மிதித்த காலை எடுக்காமல் இருந்தார். முள் இறங்க ஆரம்பித்தது.

அதற்குள் லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பட்டு வேட்டியில் பெண்ணின் அப்பா, சந்தனம் பூசிய உறவுக்காரர்கள், சமைக்கிற பெண்கள். கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அவர்களைப் பார்த்தார்.

"ஒரு தடவதான்" என்றார்.

"ஒரு கல்யாணம்தான்" என்றார் அக்கா.

பாதை குறுகல். எங்களுக்கு வழி விட மேனேஜர்தான் ஜீப்பை லயத்து முக்குவரை ரிவர்சிலேயே ஓட்டிப் போக வேண்டியிருந்தது. அக்கா முதல் கியரில் அதைத் தொடர்ந்து ஊர்ந்து போனார். பெண்கள் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். ஒருவர் காரின் மீது கையை வைத்து, சூடு பொறுக்காமல் எடுத்து, மறுபடி வைத்தார். கோயில் வாசலில் கார் நின்றதும் சட்டிகள் இறங்கின. நான் காரிலேயே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைக் காத்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தி முடிந்த பிறகு அக்கா வந்து, சன்னல் வழியாகக் கையை விட்டுத் தானே சாவியைத் திருப்பி அணைத்தார்.

"போதும். எறங்கி வந்து சாப்பிடு."

சாயங்காலம் கல்யாண வீடே சேர்ந்து காரைத் தள்ளியது. மாப்பிள்ளைகூட மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். முகப்பு மேட்டில் எல்லோரும் திணறியபோது ஜாகாவும் வந்து தோள் கொடுத்தார். மெயின் ரோட்டு இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜாகாவுக்குக் கொடுக்க ஒரு தூக்குப் பாயசம் எடுத்து வைத்திருந்தார் அக்கா.

கம்பம் ஒருநாள் திறந்ததால் தோட்டம் நிலைத்துவிடவில்லை. அடுத்த வருசம் லயங்கள் தரைமட்டமாயின, கோயிலும் போனது. கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் சுங்கை சிப்புட் டவுனில் வாடகைக்குப் போனார்கள். அக்கா இதைப் பற்றி எங்கும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. நான்தான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்த முள்ளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாடலில் அந்த வருசம் நிறைய விற்றேன்.

ஆனால் தகரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஒருநாள் செம்மோர் ஊரைத் தாண்டிப் போகும்போது பூட்டின் அடிப்பலகை பெயர்ந்து, ஸ்பேர் டயர் ரோட்டில் விழுந்து உருண்டோடியது. பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறான். நீ ஒட்டி வந்ததால்தான் விழுந்தது என்று அக்கா அவனைத் திருப்பித் திட்டிவிட்டு, டயரைத் தூக்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். நான் போய்ப் பார்த்தபோது பூட்டுக்குள்ளிருந்து தெருவின் சரளைக்கல் தெரிந்தது. புளித்தண்ணீர் என்றேன். மழைத்தண்ணீர் என்றார்.

நாடே சொந்தமாகக் கார் செய்து விற்க ஆரம்பித்திருந்த காலம் அது. எல்லோரும் வரிசையில் நின்று பதிந்து வாங்கினார்கள். கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருந்த அக்காவின் மகனும் ஒன்றை வாங்கி, மாலை போட்டு, ஓட்டிவந்து அம்மா வாசலில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போனார். வெள்ளை நிறம், உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத கார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அக்காவும் மகனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு, கண் கலங்கித்தான் வழியனுப்பினார்.

மறுவாரம் அந்த வெள்ளைக் கார் எங்கள் கடை வாசலில் நின்றது. எங்கள் வரிசையில் ஜெர்மன் காரின் மூன்றாம் தலைமுறை ஒன்று வந்திருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தகரம் முந்தியதைவிடத் தடிமன், எஞ்சின் அதே கெட்டி. காற்றுக் குழாயில் வேலை செய்கிற கதவுப் பூட்டுதான் கோளாறு. எங்காவது ஊசித் துளை விழுந்தால் நான்கு கதவும் சொன்ன பேச்சுக் கேட்காது. எல்லாவற்றையும் சொன்னேன். மகன் வாங்கிக் கொடுத்ததை இப்படிச் செய்யாதீர்கள் என்றும் சொன்னேன். அக்கா பின்கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"யாரு வச்சிருந்தது?"

"பல் டாக்டர்."

"பொறுமசாலி" என்றார். அன்று மத்தியானமே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூன்றாவது காரைத்தான் அவர் சமையலை விடும்வரை ஓட்டினார். அது நின்றதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நின்றது, பார்த்தோம், ஓடியது. கதவு மட்டும் கடைசிவரை ஒழுங்காகப் பூட்டவில்லை. சாம்பார் சட்டியை எவன் திருடப் போகிறான் என்பார்.

மகன் எனக்குப் போன் செய்து ஏசினார். வாங்கிக்கொண்ட உன்னைத்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். அடுத்த பண்டிகைக்கு ரயிலில் வந்தார். கதவு மக்கர் செய்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போயிருந்தார். மகன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து காரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நான் பின்னால் சீட்டில்லாத இடத்தில் ஏறிக் குந்திக்கொண்டேன். அவர் முன்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கார் சிலிபின் ரோட்டுக்குத் திரும்பியது.

"ஊர்ல என்னாம்மா சொல்வாங்க?" என்றார் கடைசியில். "மகென் இவ்ளோ சம்பாரிச்சும் அம்மாவ பழைய காடில ஓடவிட்டிருக்கான்னு சொல்வாங்க."

அக்கா எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி வழி விட்டார். கியரை மாற்றினார்.

"நீ புதுக் காடி வாங்கிக் குடுத்தே. நான் வித்துட்டேன். கேட்டா ரெண்டையும் சொல்லு."

வீடு வந்தது. மகன் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. நான் இறங்கி வெளியிலிருந்து இழுத்துத் திறந்துவிட்டேன். அவர் இறங்கி, கார் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்டயரைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, என்னம்மா சமைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டபடி உள்ளே போனார்.